பெரட்டு நேரத்துக் குளிர்

குளிர் என்று பேச்செடுத்தால் ஈப்போக்காரர்கள் கேமரன் மலைப்பக்கம் கை காட்டுவார்கள். 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி அங்கே 7.8 டிகிரி பதிவானது. மலேசியாவில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை அதுதான். ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் அப்படியெல்லாம் இறங்காது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் 22, 23 டிகிரி இருக்கும். வடகிழக்குக் காற்று பலமாக அடிக்கிற வருஷத்தில் இன்னும் ஒன்றிரண்டு குறையும். ஊட்டியில் இருப்பவர் கேட்டால் இதெல்லாம் ஒரு குளிரா என்பார். ஆனால் பகலெல்லாம் 33 டிகிரியில் வேலை பார்த்த உடம்பு அது. மழை விட்ட ராத்திரியின் ஈரம் தோளில் இறங்க, செருப்பில்லாத காலோடு புல்லில் நின்று பாருங்கள், அந்த 22 டிகிரி எலும்பு வரைக்கும் போகும். நான் சிலம்பம் சொல்லிக் கொடுப்பது அந்த நேரத்தில்தான், காலை ஆறு மணிக்கு.

“சாயங்காலம் வச்சா என்ன மாஸ்டர்?” என்று பெற்றோர்கள் கேட்பதுண்டு. தாமான் குடியிருப்பில் பொது மண்டபம் இருக்கிறது, விளக்கும் மின்விசிறியும் இருக்கின்றன. சாயங்காலத்தில் உடம்பு ஏற்கெனவே இளகியிருக்கும் என்பதும் உண்மை. சிக்கலே அங்குதான். தொழிற்சாலையிலிருந்து வருபவர் ஒரு சூட்டோடு வருவார். பள்ளிப் பிள்ளை வேறொரு சூட்டோடு ஓடி வரும். லாரி ஓட்டுபவர் அன்றைய சாலை நெரிசலைத் தோளிலேயே தூக்கிக்கொண்டு வருவார். ஆளுக்கொரு வேகம், ஆளுக்கொரு கோபம். வரிசையில் நிற்பார்கள், ஆனால் ஒருவர் மூச்சு இன்னொருவர் காதில் விழாது. விடியற்காலைக் குளிரில் எல்லாரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறோம். பல வருஷம் ஆடிய மணிக்கட்டும் விறைத்திருக்கும், போன வாரம் சேர்ந்த மணிக்கட்டும் விறைத்திருக்கும். ஆசான் என்றும் சீடன் என்றும் அந்த ஈரப் புல்லுக்குத் தெரியாது. இத்தனை காலம் சொல்லிக் கொடுத்ததில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான்: பத்துப் பேர் ஒன்றாக ஆடக் கற்றுக்கொள்ள ஏற்ற நேரம், பத்துப் பேர் உடம்பும் ஒன்றாக மறுக்கிற நேரம்.

எங்கள் திடல் ஈப்போவுக்கு வடக்கே, செமோர் தாண்டி சுங்கை சிப்புட் போகிற வழியில் இருக்கிறது. பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில் மிஞ்சிய துண்டு. தோட்டத்தின் பெரும்பகுதி செம்பனை ஆகிவிட்டது, சாலையோரம் தாமான் எழும்பிவிட்டது, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதற்கு எதிரே ஒரு காலத்தில் பந்து விளையாடிய திடல் இருக்கிறது. திடலின் ஓரத்தில் வெட்டி ஓய்ந்த பால்மரங்கள் ஒரு நிரை மட்டும், யார் கணக்கிலும் வராமல் நிற்கின்றன. பட்டையில் பழைய கத்திக்கோடு இன்னும் தெரியும். கிழக்கே தீத்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலைகள். இரவில் சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கி பள்ளத்தில் தேங்கும்; வானம் தெளிந்த இரவென்றால் தரை தன் சூட்டையும் இழந்துவிடும். ஈப்போ நகருக்குள் பாடாங் போலோவிலும் டி.ஆர். சீனிவாசகம் பூங்காவிலும் காலையில் தைச்சி ஆடுபவர்களையும் கைவீசி நடப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நல்ல கூட்டம், நல்ல பழக்கம். ஆனால் அங்கே தாரும் சிமெண்டும் பகல் சூட்டை விடியும் வரை பிடித்து வைத்திருக்கும். எங்கள் திடலில் அந்தச் சலுகை கிடையாது.

இந்த நேரத்துக்கு இங்கே ஒரு பழைய சொந்தம் உண்டு. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் ‘பெரட்டு’ என்றால் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: விடியுமுன் ஆபீஸ் வாசலில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுப்பது. கிராணி பெயர் கூப்பிடுவார், மண்டோர் நிரை பிரித்துக் கொடுப்பார், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்களும் ஆண்களும் மரங்களுக்குள் இறங்குவார்கள். என் அம்மா அப்படித்தான் போனார். ஏன் அவ்வளவு இருட்டில் என்றால் பால்மரத்தின் குணம் அது. இரவில் இலைகள் நீரை வெளியே விடுவது குறைந்து, பட்டைக்குள் இருக்கும் பாற்குழாய்களில் அழுத்தம் ஏறும். விடியுமுன் அது உச்சத்தில் நிற்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கி ஓட்டம் மெலிந்துவிடும். குளிரில் வெட்டினால்தான் பால் மங்கு நிறையும். கோலகங்சாரில் 1877-ல் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றைக்கும் மரமாக நிற்கிறது. பால்மரம் அங்கிருந்து பேராக் முழுக்கப் பரவப் பரவ, இந்தக் குளிர் நேரம் தமிழர்களின் வேலை நேரமாக ஆகிவிட்டது. 1982 புத்தாண்டு அன்று தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அதன் பிறகு எங்கள் ஆறு மணி முன்னைவிட அரை மணி அதிக இருட்டு. தை மாதத்தில் ஏழே காலுக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். ஆகவே எங்கள் பயிற்சியில் முக்கால்வாசி இருட்டில்தான் நடக்கிறது.

மரத்துக்கும் மனித உடம்புக்கும் இங்கேதான் வேறுபாடு. மரம் குளிரில் தாராளமாகக் கொடுக்கும், உடம்பு குளிரில் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூட்டுகளுக்குள் இருக்கும் நீர் கெட்டிப்படும், தசை சுருங்க நேரம் எடுக்கும், நரம்பு வழியே செய்தி போவதே மெதுவாகும். அந்த நிலையில் கம்பைக் கொடுத்துச் சுழற்றச் சொன்னால், தோள் செய்யவேண்டிய வேலையை மணிக்கட்டு செய்யும், இடுப்பு செய்யவேண்டியதை முட்டி செய்யும். காயம் அன்றைக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து, “மாஸ்டர், கை தூக்க முடியல” என்று வரும்.

அதனால் முதல் கால் மணி நேரம் எங்கள் திடலில் யாரும் கம்பைத் தொடுவதில்லை. வந்ததும் அவரவர் கம்பை நீட்டிப் பிடித்து ஒரு முழு வட்டம் சுற்றிப் பார்க்க வேண்டும்; யார் மேலும் படாத தூரம் கிடைத்ததும் கம்பைக் காலடியில் கிடத்திவிட்டு அதே இடத்தில் நிற்க வேண்டும். இருட்டில் இடைவெளி அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. கம்பின் இரண்டு முனையிலும் வெள்ளை டேப் ஒட்டியிருப்போம், தரையில் கிடக்கும்போது கோடு கோடாகத் தெரியும். மண்ணைத் தொட்டு வணங்கிவிட்டுத் தொடங்குவோம்.

தொடக்கம் விரலிலிருந்து. பலர் கழுத்திலிருந்து ஆரம்பிப்பார்கள், நான் விரலிலிருந்து ஆரம்பிக்கிறேன். குளிரில் ரத்தம் முதலில் விட்டுப் போகிற இடம் அது. கம்பைப் பிடிக்கப் போவதும் அதுதான். சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மடக்கி, ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். செய்து பாருங்கள், மோதிர விரல் தனியாக வராது, பக்கத்து விரலை இழுத்துக்கொண்டே வரும். அது கொஞ்சம் தனித்து வர ஆரம்பித்தால் கை விழித்துக்கொண்டது என்று அர்த்தம். பிறகு வெறுங்கையோடு மணிக்கட்டில் எட்டு போடுவது, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து. அடுத்து கணுக்கால்: ஒற்றைக்காலில் நின்று, தூக்கிய பாதத்தால் காற்றில் வட்டம். ஈரப் புல்லில் ஒற்றைக்கால் நிலைக்காது, ஆடும். ஆடட்டும். நிலைகுலையாமல் இருக்கக் கணுக்காலைச் சுற்றியுள்ள சின்னத் தசைகள் படுகிற பாடுதான் அவற்றைச் சூடாக்குகிறது. அதன் பிறகு அரை மண்டியில் அமர்ந்து எழுவது, இடுப்பைத் திருப்புவது. கடைசியாகக் காலடி: முன்னே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, திரும்பி ஒன்று. சிலம்பம் கையில் இல்லை, காலில் இருக்கிறது என்று எங்கள் வாத்தியார் சொல்லாத நாள் கிடையாது.

எண்ணிக்கை சொல்வதுதான் இதில் கடினமான வேலை. வெளிச்சத்தில் பார்த்து நடத்தலாம், இருட்டில் கேட்டுத்தான் நடத்த வேண்டும். நான் பின்னால் நிற்பேன். முன் வரிசையின் நடுவில் குழுவிலேயே மூட்டு இறுகியவர் நிற்பார். எங்களிடம் அது ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். வலது முட்டி தேய்ந்தவர். அவர் மூச்சு விட்டு முடிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த எண் சொல்வேன். இருபது வயதுப் பையன்களுக்கு முதலில் எரிச்சலாக இருக்கும். பிறகு அவர்களும் அவர் மூச்சைக் கேட்க ஆரம்பிப்பார்கள். நான் சொல்லிக் கேட்பதில்லை. எண் எப்போது வரும் என்று தெரிய வேண்டுமே, அதற்காகக் கேட்பார்கள். அப்படி ஒரு மாதம் போனால் நான் எண் சொல்லாமலே அத்தனை காலும் சேர்ந்து புல்லில் விழும். அந்தச் சத்தம் ஒன்றாக இருந்தால் கம்பு எடுக்கலாம். ‘தப்தப்தப்’ என்று சிதறினால் இன்னொரு சுற்று காலடி. இன்னொரு அடையாளமும் உண்டு: கண்ணாடி போட்டவர்களின் கண்ணாடியில் ஆவி படியும். “மாஸ்டர், கண்ணு தெரியல” என்று யாராவது சொன்னால் எனக்கு நிம்மதி, உடம்பு சூடாகிவிட்டது.

கம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், குளிரும் ஈரமும் கம்பையும் விடுவதில்லை. நாங்கள் ஆடுவது ரோத்தான், அதாவது பிரம்பு. மூங்கிலைப் போல உள்ளே பொந்தல்ல, நாரோடு கெட்டியாக இருக்கும். அடிபட்டால் சிம்பு சிம்பாகப் பிளந்து கண்ணில் குத்தாது. உயரம் அவரவர் நெற்றிக்கு. நெருக்கமான கணு உள்ளதாகப் பார்த்து எடுத்து, தணலில் வாட்டி வளைவு நிமிர்த்தி, எண்ணெய் தடவி ஊறவிட வேண்டும். தை மாதக் காலையில் அதே கம்பு கையில் கொஞ்சம் கனக்கும், கொஞ்சம் துவளும். இரவெல்லாம் ஈரம் குடித்திருக்கும். வீச்சு முடிகிற இடத்தில் நுனி ஒரு கணம் தாமதித்து வரும். வெயில் நேரத்தில் பழகிய கைக்கு இது புரியாது, பிடியை இறுக்கும். இறுக்கக் கூடாது, சுழற்சியைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். கம்பைச் சுவரில் சாய்த்து வைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. ஒரே மழைக்காலத்தில் வில்லாகிவிடும். கிடையாகப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் தொங்கவிட வேண்டும்.

கம்பு காற்றை அறுக்கும் சத்தத்திலும் குளிர் தெரியும். மணிக்கட்டு இளகாத ஆளுடைய கம்பு விட்டு விட்டுச் சத்தம் போடும், மேலே போகும்போது ஒரு குரல், கீழே வரும்போது வேறு குரல். இளகிவிட்டால் ஒரே இழுப்பு. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டே யார் இன்னும் இறுகியிருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

எங்கள் வரிசையில் வீச்சு குட்டையானது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆசான்கள் பார்த்தால், ஏன் இப்படி அடக்கி ஆடுகிறீர்கள் என்று கேட்பார்கள். காரணம் இந்த மண்ணில் இருக்கிறது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி, இரவில் ஊரடங்கு. இருட்டில் நாலு பேர் கம்போடு திடலில் கூடுவதை அப்போது நினைத்தும் பார்க்க முடியாது. எங்கள் வாத்தியார் அந்த வருஷங்களில்தான் கற்றுக்கொண்டார். லயத்துக்குள், தாழ்ந்த கூரைக்கடியில், முக்கால் கம்பு வைத்துக்கொண்டு. தலைக்கு மேல் முழுச் சுற்று எடுத்தால் உத்தரத்தில் இடிக்கும். ஆகவே முழங்கையை உடம்போடு வைத்து, இடுப்பைத் திருப்பி வேகம் எடுக்கும் முறை வந்தது. கூரை போய் வெகுகாலம் ஆகியும் அந்த முறை எங்கள் கையில் இருக்கிறது. நான் அதை மாற்றப் போவதில்லை. குளிரில் அதுவே நல்லதும்கூட: தோளை அகலத் திறக்காமல், உடம்பின் நடுப்பகுதியிலிருந்து சூடு ஏறும்.

தோட்டத்துத் தமிழர்கள் கூட்டமாக உடம்பைப் பழக்கியது அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி பெண்கள் படை ஒன்றை அறிவித்து, கேப்டன் லட்சுமி அதைக் கட்டியபோது, ஜான்சி ராணி படையில் சேர்ந்தவர்களில் பலர் மலாயாத் தோட்டங்களின் பிள்ளைகள். அதுவரை ஆள்கணக்குக்காக மட்டும் வரிசையில் நின்ற பெண்கள், அணிவகுப்புக்காகவும் துப்பாக்கிப் பயிற்சிக்காகவும் நின்றார்கள். போர் முடிந்து 1946, 47-ல் கெடாவில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் வரிசை கட்டிப் பயிற்சி செய்தார்கள், கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றார்கள். போலீஸ் அதை நசுக்கிவிட்டது. அந்தப் படை குறுகிய காலமே இருந்தது. ஆனாலும் எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது: துரைக்காக எழுந்த உடம்பு தனக்காகவும் எழ முடியும் என்று காட்டியவர்கள் அவர்கள்.

இதே ரப்பர்க் காடுகளில் வேறொரு ஓட்டமும் ஓடியிருக்கிறது. 1938-ல் கோலாலம்பூரில் ஆல்பர்ட் கிஸ்பர்ட் என்பவரும் நண்பர்களும் தொடங்கிய ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ் இன்று உலகம் முழுக்கக் கிளை விட்டிருக்கிறது. காகிதத் துண்டுகளைத் தடமாகப் போட்டு, வேலை முடிந்த மாலையில், தோட்டங்களுக்குள் கூட்டமாக ஓடுவார்கள். கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் போரில் இறந்துபோனார். அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரே மரத்தடியில் ஒருவர் மாலையில் ஓடுவதும், இன்னொருவர் விடியுமுன் வாளி மாட்டிய காண்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதும் ஒன்றாகாது. மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் அந்த விடியற்காலையையே தங்கள் விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கவலை. 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. எங்கள் பெற்றோர் தினமும் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி நடந்தார்கள், மேடு பள்ளம் ஏறி இறங்கிப் பாலைச் சுமந்தார்கள். தோட்டம் போனதும் அந்த நடை போய்விட்டது, சோறும் இனிப்புத் தண்ணியும் போகவில்லை. எங்கள் குழுவில் ஐம்பதைத் தாண்டியவர்களில் மாத்திரை போடாதவரைத் தேட வேண்டும். அவர்களை விடியற்காலைக் குளிரில் நிறுத்துவது விளையாட்டல்ல. எழுந்த வேளையில் ரத்த அழுத்தம் ஏறும், குளிர் அதை இன்னும் ஏற்றும்.

தாதியாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் எங்களோடு ஆடுகிறார். ஐந்தே முக்காலுக்கே வந்து கோயில் திண்ணையில் அழுத்தம் பார்க்கும் கருவியோடு உட்கார்ந்துவிடுவார். அவர் கை காட்டினால்தான் பெரியவர்கள் திடலுக்குள் வரலாம். “அண்ணே, இன்னிக்கி நீங்க உக்காந்து எண்ணிக்கை சொல்லுங்க, ஆட வேணாம்” என்பார். மறுபேச்சு கிடையாது, நானே ஆனாலும். ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் வெறும் வயிற்றோடு வரக் கூடாது. இரண்டு பிஸ்கட், ஒரு பேரீச்சை, ஏதாவது உள்ளே இருக்க வேண்டும். கை நடுங்கினால் குளிரில் நடுங்குகிறதா, சர்க்கரை இறங்கி நடுங்குகிறதா என்று இருட்டில் தெரியாது. அதற்கு அக்கா ஒரு வழி வைத்திருக்கிறார்: பிடரியைத் தொட்டுப் பார்ப்பார். குளிரில் நடுங்குபவர் பிடரி காய்ந்திருக்கும். சர்க்கரை இறங்கியவர் பிடரி சில்லென்று வியர்த்திருக்கும். முடிவைக் கருவியில்தான் பார்ப்பார், ஆனால் முதலில் தொட்டுப் பார்ப்பார். ஆடத் தொடங்கிய பிறகு எல்லாருக்கும் வியர்க்கும், இது பலிக்காது. ஆகவே கம்பெடுக்குமுன் பின்வரிசை முழுக்க ஒரு முறை நடந்துவிடுவார்.

உண்மையான குளிரைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்களிடம் பழகிய ஒரு பெண். படிக்கக் கனடாவுக்கு, எட்மண்டன் நகரத்துக்குப் போனாள். அங்கே விடியுமுன் ஆற்றுப் பள்ளத்தாக்குப் படிக்கட்டுகளில் கூட்டமாக ஏறி இறங்கிப் பயிற்சி செய்பவர்கள் இருக்கிறார்கள். 2011-ல் பாஸ்டனில் முன்னாள் துடுப்புப் படகு வீரர்கள் இருவர் தொடங்கிய ‘நவம்பர் புரோஜெக்ட்’ என்ற இயக்கத்தின் கிளை. காசு கிடையாது, எந்த வானிலைக்கும் விடுமுறை கிடையாது. அவள் போய்ச் சேர்ந்துகொண்டாள். குரல் பதிவு அனுப்புவாள்: “மாஸ்டர், மைனஸ் இருபது. கண்ணு இமையில பனி ஒட்டிக்குது. ஆனா ஒரு ஆளும் வீட்டுக்குப் போவல.”

அவள் சொன்னதில் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் வியர்வை. இங்கே வியர்வை வந்தால் எனக்கு நிம்மதி, அங்கே வியர்வைதான் எதிரி. நனைந்த பருத்திச் சட்டை உடம்புச் சூட்டை உறிஞ்சி வெளியே விட்டுவிடும், நின்ற மறுநிமிஷம் உடம்பு உறையத் தொடங்கும். அதனால் பருத்தியைத் தோலோடு போடவே மாட்டார்கள். மெல்லிய உடை, மேலே கம்பளி, அதற்கும் மேலே காற்றுத் தடுப்பு என்று அடுக்கி, சூடேறச் சூடேற ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். வறண்ட குளிர்காற்று நெஞ்சுக்குள் குத்துவதால் முதலில் மூக்கால் மட்டும் மூச்சு. இடையில் நிற்பது கிடையாது. விளக்கம் சொல்வதென்றாலும் குதித்துக்கொண்டேதான். யாருக்காவது கன்னத்தில் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தோல் உறைவதன் முதல் அடையாளம் அது, தன் முகத்தில் தனக்குத் தெரியாது.

அந்தக் கடைசி விஷயத்தை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். இப்போது எங்கள் திடலில் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் பக்கத்து ஆளைப் பார்க்க வேண்டும்: மூச்சு சீராக இருக்கிறதா, முகம் வெளுத்திருக்கிறதா, பேச்சு குழறுகிறதா. வியர்த்த சட்டையை மாற்றாமல் யாரும் மோட்டார் சைக்கிளில் ஏறக் கூடாது என்ற விதியும் அவள் அனுப்பியதுதான். நம் ஊர்க் குளிருக்கு அது போதும். காய்ச்சல் என்று வராமல் நிற்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

ஜப்பானில் ஜூடோ, கெண்டோ பள்ளிகள் ஜனவரியின் கடுங்குளிரில் விடியுமுன் கான்கெய்கோ என்ற பயிற்சியைத் தொடர்ந்து பல நாள் நடத்தும். படித்தபோது எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. மார்கழியில் தோட்டத்துக் கோயிலில் விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பஜனை பாடி லயத்தைச் சுற்றி வந்தவர்கள் நாங்கள். தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர்கள் எங்கள் குழுவில் பலர். கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுப்பவர்கள் அந்த வாரங்களில் மரக்கறியோடு, வெறுந்தரையில் படுத்து எழுந்து வருவார்கள். அவர்களுக்கு நான் வேகத்தைக் குறைப்பேன், காலடியைக் கூட்டுவேன். பூசத்தன்று வெறுங்காலோடு நடக்க வேண்டிய பாதங்களுக்கு ஈரப் புல்லைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியாது.

பூசம் கழிந்து பிப்ரவரி, மார்ச்சில் பால்மரங்கள் இலை உதிர்க்கும். அந்த ஒற்றை நிரைக்கும் அது தவறாது. சருகு திடலெங்கும் கிடக்கும், காலடிச் சத்தம் மாறிவிடும். ஒன்றாக விழுகிறதா என்று கேட்பது சிரமம். மழை குறைந்து வானம் தெளிந்த நாட்கள் என்பதால் விடியற்காலை சில நேரம் மார்கழியைவிடச் சில்லென்று இருக்கும், ஆனால் காய்ந்த குளிர். எட்டு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். அந்த இரண்டு மாதம் பயிற்சியைச் சுருக்கிக்கொள்வோம். புகைமூட்டம் வந்தால் நிறுத்திவிடுவோம், அதில் விவாதமே இல்லை. அடைமழையிலும் நிறுத்துவோம், தூறலுக்கு நிறுத்த மாட்டோம்.

பக்கத்துக் கம்பத்திலிருந்து சீலாட் பழகிய மலாய் நண்பர் ஒருவர் சுபுஹ் தொழுகை முடித்து நேரே வந்து கடைசி வரிசையில் நிற்பார். அவருடைய காலடி எங்களுடையதைவிடத் தாழ்ந்தது, பையன்கள் அதைப் பார்த்துப் பார்த்தே முட்டியை மடக்கக் கற்றுக்கொண்டார்கள். முடிந்ததும் சாலை முக்கில் உள்ள கடையில் எல்லாரும் சேர்ந்து பசியாறுவோம். அக்கா பார்த்துக்கொண்டிருப்பதால் பெரியவர்கள் எல்லாருக்கும் சீனியில்லாத தே ஓ கோசோங். சீனி போட்ட தே தாரேவைப் பையன்கள் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போய்க் குடிப்பார்கள்.

புதியவர்களை நான் மார்கழியில்தான் சேர்க்கிறேன். சித்திரையில் சேர்ந்தவர்கள் சீக்கிரம் சுழற்றக் கற்றுக்கொள்வார்கள், முதல் குளிரிலேயே நின்றுவிடுவார்கள். குளிரில் சேர்ந்தவர்கள் மெதுவாகத்தான் வருவார்கள், ஆனால் வந்துகொண்டே இருப்பார்கள். இந்த மார்கழியிலிருந்து எண்ணிக்கை சொல்லும் வேலையை ஒரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். பள்ளி முடித்து ஈப்போவில் வேலைக்குப் போகிறவள், குரல் மெல்லிசு. சத்தமாகச் சொல் என்று யாரும் அவளிடம் சொல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மெல்லிய குரலைக் கேட்க எல்லாரும் பேச்சை நிறுத்துகிறார்கள். வர விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கோயில் திண்ணைக்கு வரலாம். மாற்றுச் சட்டை ஒன்று, ஒரு துண்டு, மாத்திரை போடுபவர் என்றால் அதன் பெயர் எழுதிய தாள். காலணியைக் கோயில் சுவர் ஓரம் விட்டுவிட வேண்டும். கம்பு நான் தருவேன். முதல் மாதம் முழுக்க அது உங்கள் காலடியில்தான் கிடக்கும்.